காட்சியும் தீர்ப்பும்

கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது தமிழர் நாவிற் பழகிய முதுமொழி. காதைப் பற்றி அது கூறுவதை எவரும் எளிதில் ஒப்புவர். கண்ணைப் பற்றிக் கூறுவதோ மிகையெனத் தோன்றும். எதிரே நிற்கும் பொருளைக் காண்பதிற் பொய் எவ்வாறு புகும்? இவ்வினாவை ஆராய்வதற்குத் திருகோணமலைத் துறைமுகத்தினும் ஏற்ற இடம் இலங்கையிற் பிறிதொன்று இருத்தல் அரிது.

கொட்டியாரக் குடாவினூடாக வருபவர் கண்ணுக்கு முதலில் உள்துறைமுகம் தென்படுவதில்லை. ஒஸ்ரன்பேர்க் முனையும், சோபர் தீவுகளும், அப்பாலுள்ள குன்றுகளும் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே பச்சை மதிலாகக் காட்சியளிக்கும். கலம் நகர நகர, அருகிலுள்ள முனை விரைந்து பின்செல்லும். தொலைவிலுள்ள குன்றோ கலத்தோடு கூடவே வருவது போலத் தோன்றும். மதில் பிளக்கும். தீவு தீவாகவும் மலை மலையாகவும் பிரியும். இடையே நீர்வழி புலப்படும். மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையே இயந்திரப் படகு ஓடிய காலத்தில் அதிற் பயணஞ் செய்தோர் பலமுறை கண்ட காட்சி இது. கரையில் யாதொரு மாற்றமும் நிகழவில்லை. மாறியது காண்பவர் நின்ற இடம் மட்டுமே.

இதன் காரணம் கண்ணின் அமைப்பிலேயே உள்ளது. விழித்திரையில் விழும் பிம்பத்துக்கு நீளமும் அகலமும் உண்டு, ஆழம் இல்லை. தூரம் நேரே காணப்படுவதன்று, அனுபவத்தால் உய்த்துணரப்படுவதே என்று 1709இல் வெளியிட்ட நூலில் பேர்க்கிலி வாதிட்டார். இரு கண்களும் ஆறு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடிய இடைவெளியில் அமைந்து இரு வேறு பிம்பங்களைப் பெறுகின்றன என்பதையும், அவ்வேறுபாட்டிலிருந்தே திண்மை தோன்றுகிறது என்பதையும் 1838இல் சாள்ஸ் வீற்ஸ்ரன் செய்துகாட்டினார். ஆயினும் அச்சிறு இடைவெளி தரும் உதவி அண்மைக்கே உரியது. கடலின் பெருந்தூரத்தில் வேறு குறிகளே துணையாகின்றன: ஒன்று மற்றொன்றை மறைத்தல், பழகிய வள்ளம் சிறிதாகத் தோன்றல், தொலைவிலுள்ள மலை நீலம் பாய்ந்து மங்குதல் ஆகியன அவை. மழை பெய்து ஓய்ந்து வானந் தெளிந்த காலையில் மூதூர்க் கரை வழமையிலும் அருகே வந்துவிட்டது போலத் தோன்றுவது இதனாலேயே. கண் பொய் சொல்லவில்லை. மங்கலைத் தூரம் எனக் கொள்ளும் தன் பழைய வழக்கையே அது பின்பற்றியது.

ஆழம் மட்டுமன்று, பொருள் என்பதும் அவ்வாறே தீர்மானிக்கப்படுகிறது. எந்த விளிம்பு எதற்குரியது என்று ஒளி கூறுவதில்லை. அருகருகே உள்ளவை, ஒத்தவை, சேர்ந்து அசைபவை ஆகியவற்றை மனம் ஒரே தொகுதியாகக் கொள்கிறது என 1923இல் வேர்தைமர் விளக்கினார். இத்தொழிலின் அருமை, அது கைகூடாதவரிடத்தேதான் வெளிப்படும். சிறு பருவம் முதல் பார்வையின்றி வளர்ந்து, பின்னர் சிகிச்சையாற் பார்வை பெற்ற இந்தியர் சிலரைப் பவன் சின்ஹாவின் ‘பிரகாஷ்’ திட்டத்தினர் ஆராய்ந்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரு வடிவங்களை அவர்கள் இரண்டெனக் காணவில்லை. கோடுகள் வெட்டிய துண்டுகள் ஒவ்வொன்றையும் தனிப்பொருளாக எண்ணினர். வடிவங்கள் அசைந்தபோதோ, சேர்ந்தசைந்தவை ஒரு பொருள் என்பது அவர்களுக்கு விளங்கலாயிற்று. அசைவே அவர்களுக்கு முதல் ஆசிரியன்.

காட்சிக்குள் தீர்ப்பு ஒளிந்துள்ளது என்பதை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் அளவைகளைக் கூறுமிடத்து, பொருள் உண்டு என்றளவில் உணரும் நிருவிகற்பக் காட்சியையும், பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தால் விசேடித்து உணரும் சவிகற்பக் காட்சியையும் வேறு பிரிக்கிறது. இங்கு சாதி என்பது தருக்கநூல் வழக்கில் இனப்பொதுமையைக் குறிக்கும். இருளில் நிற்பது குற்றியோ மகனோ எனத் தடுமாறுதல் ஐயம். ஒன்றை மற்றொன்றாகவே துணிதல் திரிவு. உண்மைக் காட்சிக்கு இவ்விரண்டும் ஆகா என்பது அளவை நூலார் கொள்கை.

ஆனால் அளவையியலிற் குற்றமாகும் ஐயம், அறவியலிற் காப்பாகும் தருணங்கள் உள. 1983 முதல் 2009 வரை நீடித்த போரின்போது திருகோணமலையின் தெருக்களிலும் கடற்கரையிலும் காவலரண்கள் நின்றன. அந்திக் கருக்கலில் ஓர் உருவம் அணுகுகிறது எனக் கொள்வோம். காவலில் நிற்பவன் முகத்தைக் காணுமுன்னரே பெயரையும் இனத்தையும் கண்டுவிடுகிறான். வருபவனும் அவ்வாறே சீருடையையும் துப்பாக்கியையும் காண்கிறான். தொலைவிலுள்ள ஏதோ ஒரு கிராமத்துத் தாயின் மகனைக் காண்பதில்லை. குற்றியோ மகனோ என்னும் ஏட்டு உதாரணம் அங்கு உயிர்ப் பிரச்சினையாகிறது. ஒரு கணம் ஐயுற்று நின்றவனால் ஓர் உயிர் தப்பலாம்; ஐயமின்றித் துணிந்தவனின் திரிவைப் பின்னர் எவராலும் திருத்த முடியாது. போர் ஓய்ந்த பின்னரும், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையிற் கொண்டு கொடுத்து வாழும் இந்நகரில், உடையையும் மொழியையும் கொண்டு மனிதரைத் தொகுதியாக்கும் கண் ஓய்ந்துவிடவில்லை.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். கண் தானாகவே செய்யும் தீர்ப்புக்கு மனிதன் எவ்வாறு பொறுப்பாவான்? இத்தடை வலிமையுடையதே. பௌர்ணமி மாலையில் கோணேசர் ஆலயத்துப் பாறையில் நின்று கிழக்கே நோக்குவோர்க்குக் கடலிலிருந்து எழும் நிலவு பேருருவாய்த் தோன்றும். கையை நீட்டிச் சுண்டுவிரலால் அதனை மறைத்துப் பார்த்து, உச்சிக்கு ஏறிய பின்னரும் அவ்வாறே செய்து பார்த்தால், அளவு மாறவில்லை என்பது தெளிவாகும். தெளிந்த பின்னரும் அடுத்த பௌர்ணமியில் அது பெரிதாகவே தோன்றும். அறிவு காட்சியை மாற்றுவதில்லை. ஆகவே முதற் காட்சிக்காக எவரையும் குற்றவாளியாக்குதல் நீதியன்று. ஆயினும் விரலை நீட்டி அளந்து பார்ப்பதும் பாராது விடுவதும் அவரவர் கையிலேயே உள்ளன. முதற் காட்சி இயல்பு. அதில் தங்கிவிடுவது தெரிவு. பொறுப்பு தெரிவிலேயே தொடங்குகிறது.

முதுமொழி கூறும் விசாரணை, நின்ற இடத்திலிருந்தே மேலும் கூர்ந்து நோக்குவதன்று. நின்ற இடத்தை விட்டு நகராது எத்தனை கூர்மையாக நோக்கினும் மதில் மதிலாகவே இருக்கும். நகர்ந்தவர்க்கே அது தீவுகளாகப் பிரிந்தது. மற்றவரின் மொழியைக் கற்பதும், அவர் வாசலுக்குச் செல்வதும், அவர் துயரை அவர் வாயாலேயே கேட்பதும் அத்தகைய நகர்வுகளாம். கடலில் வழி தேடும் மீகாமன், கரையிலுள்ள ஒரு குறியை மட்டும் நம்பித் தன் நிலையைத் துணிவதில்லை. வேறு குறிகளோடும் ஒப்பிட்ட பின்னரே கலத்தைச் செலுத்துகிறான். பாறைக்கு அஞ்சி அவன் காட்டும் அந்நிதானத்தை, சக மனிதரைக் காணுமிடத்து மனிதர் காட்டக் கடமைப்பட்டுள்ளனர்.