பீடத்தில் அமர்த்துபவர்

ஒருவன் ஆசிரியனாவது தன் கல்வியின் வலிமையினாலா, அன்றி முன்னிருந்த ஆசாரியர் ஒருவர் மனமுவந்து அளிக்கும் அதிகாரத்தினாலா என்னும் வினாவிற்குச் சைவ ஆகம மரபு தயக்கமின்றி விடை கூறுகிறது. சமயம், விசேடம், நிர்வாணம் என்னும் தீட்சைகளை முறையே பெற்றுச் சாத்திரங்களைக் கற்றுத் தெளிந்தவனாயினும், ஆசாரியர் ஒருவர் தம் கையால் ஆசாரியாபிஷேகம் செய்வித்தாலன்றிப் பிறருக்குத் தீட்சை வழங்கும் உரிமை அவனுக்கு உண்டாவதில்லை. இதனை வெறுஞ் சடங்கென்று ஒதுக்குவார் உளர். எனக்கோ மனித சுபாவத்தை நன்கறிந்தோர் வகுத்த ஏற்பாடாகவே தோன்றுகிறது.

புதிய உபாத்தியாயர் ஒருவரைப் பாருங்கள். இரவெல்லாம் பாடத்தைப் படித்துக் குறிப்பெழுதி வந்தவர், வருகைப் பதிவேட்டைத் திறந்து வாசிக்கையிலேயே ஒரே பெயருக்கு இரண்டு குரல்கள் "உள்ளேன் ஐயா" என்று எழ, கையிலுள்ள சாக்குக்கட்டி ஒடிய, இந்த நாற்காலியில் அமர எனக்கு என்ன யோக்கியதை என்று மருள்கிறாரே, அந்த மருட்சிக்குப் புத்தகத்தில் மருந்தில்லை. நல்லாசிரியனுக்கு நன்னூலார் விதித்த லட்சணங்களை அவர் தலைகீழாக ஒப்பிக்கவுங் கூடும். அதனால் அச்சம் மிகுமேயன்றிக் குறையாது.

கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராயிருந்த தியாகராச செட்டியார் 1880-ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றபோது, தம் இடத்திற்குத் திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்த உ. வே. சாமிநாதையரே தக்கவரெனத் தாமே முன்னின்று முயன்றார். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். பிள்ளையவர்களோ 1876-இலேயே சிவபதமடைந்துவிட்டார். ஐயர் மடத்தில் பாடஞ் சொல்லிப் பழகியவரேயாயினும், இருபத்தைந்து பிராயத்தில் பெரும்புலவர் ஒருவர் வீற்றிருந்த இடத்தில் அமர்வது எளிதா? அவ்வேளையில் செட்டியார் தமது கீர்த்தியையே அவருக்குப் பிணையாக வைத்தார். குருநாதர் இருந்து செய்திருக்கவேண்டியதை, அவரிடம் பயின்ற மூத்தவர் செய்தார். கும்பமும் தீர்த்தமும் இன்றியே அபிஷேகத்தின் தத்துவம் அங்கே நிறைவேறிற்று என்பேன்.

இன்றைய பள்ளிகள் பலவற்றிலோ, நியமன உத்தரவோடு வருபவருக்கு மூத்தோரெல்லாம் தட்டிக்கழித்த வகுப்பே முதலில் வந்து வாய்க்கிறது. பணிமூப்பின் சலுகையென்று இதற்குப் பெயர் வேறு! தலைமையாசிரியர் கால அட்டவணை வகுக்கும்போதே, முதற் பருவம் முடியும்வரையிலேனும் அநுபவசாலி ஒருவருக்கு வாரத்தில் சில பாடவேளைகளை ஒழித்துக்கொடுத்து, அவரைப் புதியவரின் வகுப்பில் ஓரமாக அமரச் செய்யலாம். குற்றங்களைக் குறித்து மேலிடத்திற்கு அனுப்புவது அவர் வேலையன்று; திருத்தவேண்டியதைத் தனியே சொல்லிவிட்டு, மணியடித்தபின் ஆசிரியர் அறையில், "அந்தக் கணக்கை நீங்கள் விளக்கிய விதம் எனக்கே புதிது, ஐயா" என்று மற்றவர் காதுபடச் சொல்லுவாராயின், மறுநாள் அந்த இளைஞர் பதிவேட்டைத் திறக்கும்போது குரல் சற்று நிமிர்ந்தே ஒலிக்கும்.