விடம் தீண்டாப் பதியும் வெள்ளைப் பாடாணமும்

பொருளுக்குத் தன்னளவில் நன்மை தீமை உண்டா, அல்லது அவை அதைக் கையாளும் உயிரைச் சார்ந்தவையா என்ற கேள்வி, ஆலகாலத்தை உண்டு கண்டம் கறுத்த இறைவனை முழுமுதலாகக் கொண்ட சைவத்தில் நஞ்சை முன்வைத்தே எழுவது இயல்பானது. சென்னையின் மேற்கே, பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடையில் உள்ள திருவேற்காட்டுக்கு 'விடம் தீண்டாப் பதி' என்றொரு பெயர் உண்டு. ஆதிசேடன் வழிபட்ட தலமாதலால் அரவின் நஞ்சு அங்கு எவரையும் தீண்டாது என்பது தலபுராணம். ஊத்துக்கோட்டையைக் கடந்ததும் ஆந்திர எல்லைக்குள் இருக்கும் சுருட்டப்பள்ளியில், நஞ்சுண்ட இறைவன் உமையின் மடியில் தலைவைத்துப் பள்ளிகொண்டிருக்கிறான். பிரதோஷ நாளில் திருவேற்காட்டுப் பகுதி மக்களும் அங்கு செல்வதுண்டு. இவ்விரு தலங்களிலும் நஞ்சு அழிக்கப்படவில்லை, அடக்கப்பட்டிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. அந்த அடக்கம் என்னவென்று விளங்கிக்கொள்ள, சித்த மருத்துவம் வெள்ளைப் பாடாணம் என்று அழைக்கும் பொருளின் வேதியியல் துணைசெய்கிறது.

வெள்ளைப் பாடாணம் என்பது ஆர்சனிக் என்னும் தனிமம் ஆக்சிஜனோடு சேர்ந்த வெண்தூள். மஞ்சள் நிறத் தாளகத்திலும் செந்நிற மனோசிலையிலும் இதே ஆர்சனிக் கந்தகத்தோடு பிணைந்து கிடக்கிறது. அந்தப் பிணைப்பு நீரில் எளிதில் கரையாதாகையால், அது நீடிக்கும் வரை நஞ்சும் பெரும்பாலும் அடங்கியே இருக்கிறது. அக்கனிமங்களைக் காற்றுப்பட வறுத்தால் கந்தகம் புகையாகப் பிரிய, ஆர்சனிக் ஆக்சிஜனோடு கூடி ஆவியாக எழுந்து, குளிர்ந்த இடத்தில் வெள்ளையாகப் படிகிறது. அந்த வெண்தூள் நீரில் மெல்லக் கரையும்போது உண்டாவதே ஆர்சீனியஸ் அமிலம்.

அமிலங்களில் இது மிகவும் வலிமை குறைந்தது. ஓர் அமிலத்தின் வலிமை என்பது, அது நீரில் தன் ஹைட்ரஜனை எந்த அளவுக்கு அயனியாகப் பிரித்து விடுகிறது என்பதைக் குறிக்கும். முலாம் பூசும் பட்டறைகளில் இரும்பின் துருவை எடுக்கப் பயன்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் நீரில் ஏறத்தாழ முழுமையாகப் பிரிவது; ஆகவே அது வலிய அமிலம், அதன் புகையும் நெடியும் எரிச்சலும் தொழிலாளியை உடனே பின்வாங்கச் செய்துவிடும். ஆர்சீனியஸ் அமிலமோ மனித இரத்தத்தில் 100-க்கு 98 பங்குக்கு மேல் பிரியாமல், மின்னேற்றம் ஏதுமற்ற முழு மூலக்கூறாகவே இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மின்னேற்றம் இல்லாத காரணத்தாலேயே, கிளிசரால் போன்ற சிறு மூலக்கூறுகள் நுழைவதற்காக உயிரணுவின் சவ்வில் அமைந்த புரத வாயில்கள் அதையும் தடையின்றி உள்ளே விடுகின்றன. உள்ளே புகுந்த ஆர்சனிக், நொதிகளில் உள்ள கந்தக முனைகளைப் பற்றிக்கொள்ள, உணவிலிருந்து ஆற்றல் பெறும் வழி இடையிலேயே அடைபட்டுப்போகிறது. வலிமையின்மையே இங்கு கொடுமைக்கு வழி திறந்துவிடுகிறது. வலியது தீயது, மெலியது தீங்கற்றது என்ற பொதுக்கருத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடைப்பது அரிது.

கந்தகத்தைப் பற்றும் இந்த ஒரே இயல்பு உயிரைக் காக்கவும் செய்கிறது. இரத்தப் புற்றுநோயில் ஒரு வகை, இரண்டு மரபணுக்கள் தவறாக ஒட்டிக்கொள்வதால் பிறக்கும் புரதம் ஒன்றினால் வருவது. ஆர்சனிக் அப்புரதத்தின் கந்தக முனைகளைப் பற்றியதும் உடலே அதைச் சிதைத்து நீக்கிவிடுகிறது. சீனத்தின் ஹார்பின் நகரில் 1970-களில் தொடங்கிய இம்மருத்துவத்தை, வேலூரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1998 முதல், வேறு மருந்து சேர்க்காமல் ஆர்சனிக்கை மட்டும் கொடுத்துச் செய்து, 72 நோயாளிகளிடம் கண்ட பலனை 2006-இல் வெளியிட்டது. பெரும்பாலோரிடம் நோய் அடங்கியது. கொல்லும்போதும் காக்கும்போதும் ஆர்சனிக் செய்யும் வேலை ஒன்றே. அது பற்றும் இடமும், அளவும், அதைச் செலுத்தும் அறிவுமே வேறு.

சைவ சித்தாந்தத்தின் நிலைப்பாடு இதனோடு இசைந்து வருகிறது. பதி, பசு, பாசம் என்னும் மூன்றில், உலகப் பொருள்கள் அனைத்துக்கும் மூலமான மாயை பாசத்தைச் சேர்ந்ததேயாயினும், அது அறிவற்ற சடம். உயிருக்கு உடலும் கருவிகளும் உலகும் நுகர்பொருளும் அதிலிருந்தே கிடைக்கின்றன. உயிரின் அறிவை மறைத்துத் தீமைக்கு வேராக நிற்பது ஆணவம். எனவே ஆர்சனிக்கைத் தீயது என்று தூற்றுவதும், பாடாணத்துக்குத் தெய்வத்தன்மை ஏற்றி அது தீங்கே செய்யாது என்று நம்புவதும், சடத்தின்மேல் அறிவை ஏற்றிச் சொல்லும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். அளவே நஞ்சை நஞ்சாக்குகிறது என்று 16-ஆம் நூற்றாண்டில் பாரசெல்சஸ் கூறியது பாதி விடை மட்டுமே. யார் அறிந்து, யாருக்கு, எவ்வளவு என்பதுதான் முழுக் கேள்வி.

இதற்கு வலுவான தடை ஒன்று உண்டு. வங்காளத்து ஆற்றுப் படுகைகளில் மண்ணிலேயே இருந்த ஆர்சனிக், ஆக்சிஜன் குறைந்த நிலத்தடி நீரில் கரைந்து ஆர்சீனியஸ் அமிலமாகக் கலந்திருக்கிறது. குளத்து நீரால் வரும் வயிற்று நோய்களிலிருந்து மக்களைக் காக்கவே அங்கு ஆழ்குழாய்க் கிணறுகள் பெருமளவில் அமைக்கப்பட்டன. உள்ளங்கையும் பாதமும் தடித்து, மார்பிலும் முதுகிலும் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் தோன்றிய மேற்கு வங்க நோயாளிகளை 1983-இல் கொல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாகா ஆராய்ந்த பிறகுதான், நீரே நஞ்சாக இருப்பது வெளிப்பட்டது. இங்கே தீய எண்ணம் எவரிடமும் இல்லை. அப்படியானால் தீமை பொருளிலேயே இருக்கிறது என்று சொல்லலாமா, அல்லது குடித்தவரின் முன்வினை என்று விட்டுவிடலாமா? இரண்டாவது விடை சமயத்தின் பெயரால் எளிதில் சொல்லப்படுவது. அது கொடியது, சித்தாந்தத்துக்கும் பொருந்தாதது. அறிவை மறைக்கும் ஆணவத்தையே முதல் மலமாகக் கொண்ட ஒரு மெய்யியலில், அறிய முடிந்ததை அறியாமல் விடுவதும், அறிந்ததை மறைப்பதும் குற்றமாகவே நிற்கும். நோய் வெளிப்படும் முன் அது அறியாமை. வெளிப்பட்ட பின் அக்கிணறுகள் சோதிக்கப்படாமல் கிடந்தால் அது வினை. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் ஆர்சனிக் என இந்தியத் தர நிர்ணயம் வகுத்த எல்லை, இந்தப் பொருளில் ஓர் அறநெறி விதியும் ஆகும்.

திருவேற்காட்டில் பிறந்த மூர்க்க நாயனாரின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. அடியார்க்கு அமுதளிக்கச் சூதாடிப் பொருள் ஈட்டிய அவர், அப்பொருளைத் தம் கையால் தீண்டாமல் அமுது சமைப்பவரையே எடுத்துக்கொள்ளச் செய்து, அடியார் உண்ட பின் கடைப்பந்தியில் தாம் உண்டார் என்கிறது பெரியபுராணம். சூதில் வஞ்சித்தவரைச் சுரிகையால் குத்திய அவருடைய செயல் இன்றைய வாசகரை உறுத்துவது சரியே. ஆயினும் ஆபத்தான ஒன்றைக் கையாள்பவர் அது தம்மிடம் ஒட்டாமலும் பிறரைக் கெடுக்காமலும் இருக்க ஒழுங்கு வகுத்துக்கொள்ள வேண்டும் என்ற உணர்வு அதில் தெளிவாக உண்டு.

அவ்வொழுங்கைச் சித்தர் மரபு சுத்தி என்று வகுத்தது. பாடாணங்களை 64 என எண்ணி, ஒவ்வொன்றையும் தூய்மை செய்யும் முறையையும், அளவையும், துணைமருந்தையும், பத்தியத்தையும் அது விரித்துரைத்தது. அம்முறைகள் எந்த அளவுக்கு நஞ்சை நீக்குகின்றன என்பதை ஆய்வுக்கூடமே சொல்ல வேண்டும். மரபின் பழமை அதற்குச் சான்றாகாது. இந்திய மருந்துச் சட்டத்தின் விதிகளில், ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் சேரும் நச்சுப்பொருள்களுக்கெனத் தனி அட்டவணை உண்டு. ஆர்சனிக் கலந்த கனிமங்களும் அதில் அடக்கம். அவை சேர்ந்த மருந்தின் உறையில், மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவேண்டும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிடப்பட வேண்டும் என்று 161-ஆம் விதி கூறுகிறது. தமிழில் எழுதப்பட்ட மருத்துவத்தின் மருந்தை ஆவடியிலும் அம்பத்தூரிலும் வாங்கி உண்பவர்களில் பெரும்பாலோர் படிக்கக்கூடிய மொழி தமிழே. அந்த எச்சரிக்கையைத் தமிழிலும் அச்சிடச் சித்த மருந்து செய்வோர் விதி மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாங்களாகவே இன்று தொடங்கலாம், தொடங்க வேண்டும்.