விதியின் தலையில் கட்டாதீர்கள்

பிள்ளைத்தாய்ச்சியாக இறந்தவளுக்குச் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நடுவது நம் பழைய வழக்கம். வழிப்போக்கர் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்தால், வயிற்றுச் சுமை இறங்காமலே போனவளின் ஆவி ஆறும் என்று நம்பினார்கள். அந்தத் துக்கம் உண்மையானது. ஆனால் செத்தவளுக்குக் கல் சுமந்த கைகள், உயிரோடு துடித்தபோது அவளைச் சுமந்து ஓடினவா?

பாப்பிரெட்டிப்பட்டியோ பக்கத்துச் சித்தேரி மலையோ, தாய் செத்தால் நம் வாயில் முதலில் வருவது விதி, சாமி குத்தம், காத்து கருப்பு. கர்ப்பிணிக்கு இப்படி வலிப்பு வருவது பேயால் அல்ல, ஏறிய ரத்த அழுத்தத்தால். அதற்கு முன்பே முகம் வீங்கும், தலை விடாமல் வலிக்கும், கண் மங்கும். "மாசமானவளுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்கிறோம். மக்னீசியம் சல்பேட் ஊசி அந்த வலிப்பின் ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று, 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வு 2002-லேயே காட்டிவிட்டது. எந்தப் பரிகாரத்துக்கு இப்படி ஒரு கணக்கு உண்டு?

அரூருக்கு அப்பால் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-ல் அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கியபோது, பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 ஓராண்டுக்குள் இறந்துகொண்டிருந்தன. அவர்கள் உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே பிரசவம் பார்க்கவும் தாயையும் சேயையும் கவனிக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். இறப்பு 20-க்கு அருகே இறங்கியது. மலை அதே மலை, சாமி அதே சாமி. விதி மட்டும் எப்படி மாறிற்று?

நல்ல நேரம் குறித்துக் கொடுத்து, அந்நேரத்தில் சிசேரியன் செய்யச் சொல்லும் குடும்பங்கள் நம்மிடம் நிறைய. பிறக்கும் நேரத்தைக் கத்தி மாற்றலாம் என்று நம்புகிறவர்கள், சாவை மட்டும் மாற்ற முடியாது என்பது எந்த நியாயம்?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்த உடம்பு, பிரசவத்தில் கொஞ்சம் உதிரம் கூடுதலாகப் போனாலும் தாங்காது. வீட்டில் எல்லாரும் உண்டபின் மிச்சத்தை உண்பவள், பதினெட்டு ஆகுமுன் கழுத்தை நீட்டியவள், ஆண்பிள்ளைக்காக மறுபடி மறுபடி சுமப்பவள்: இவளுடைய ரத்தத்தைக் குடித்தது எந்தக் கிரகமும் இல்லை, நாம்தான். எத்தனை பிள்ளை, எப்போது என்று முடிவு செய்வது அவள் உரிமை, அதுவே அவள் விடுதலை என்று பெரியார் எழுதி முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. இன்றும் அதை மாமியாரும் கணவனும் தீர்மானிக்கிறார்கள்.

வளைகாப்புக்குப் பந்தல் போடும் கணவர்களே, மனைவியின் ஹீமோகுளோபின் எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளை பிறந்த பிறகும் ஆறு வாரம் ஆபத்து உண்டு. பத்தியம் என்று சொல்லிப் பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரை மறுக்காதீர்கள். காய்ச்சலோ, விடாத தலைவலியோ, உதிரப்போக்கோ கண்டால் ராகு காலம் கழியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்; உடனே 108-ஐ அழையுங்கள்.