சிரிப்பு என்கிற சாட்சியம்

டால்பின் சிரிப்பதில்லை. அதன் தாடையெலும்பின் வளைவு அப்படி. பசித்தாலும், நோய் கண்டாலும், செத்து மிதந்தாலும் அந்த வளைவு மாறாது. உயிரியல் படிக்கிற பள்ளிக்கூடத்துப் பையனுக்குக்கூடத் தெரியக்கூடிய சமாசாரம்தான் இது. ஆனால் 1938இல் ஃப்ளோரிடாவில் மரைன் ஸ்டூடியோஸ் திறந்த காலம் தொட்டு, 1964இல் ஸான் டியேகோவில் ஸீவேர்ல்ட் வந்து, பிறகு உலகம் முழுக்கப் பரவிய ஒரு கேளிக்கைத் தொழில் இந்த ஓர் எலும்பின் மேல்தான் நிற்கிறது. முகம் வேறு மாதிரி அமைந்திருந்தால், சுறாவைப் போலக் கீழ்நோக்கி வளைந்த வாயாக இருந்திருந்தால், அதே புத்தியும் அதே லாவகமும் இருந்தும் அதைப் பார்க்கக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் போய் உட்கார்ந்திருப்போமா என்பது சந்தேகம்.

நமக்கு வெகு அருகிலேயே இது நடந்தது. 1998இல் சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கடற்கரைச் சாலையில் 'டால்பின் சிட்டி' என்று ஒன்று இருந்தது. பல்கேரியாவிலிருந்து டால்பின்களை வரவழைத்தார்கள். ஆறு மாதத்துக்குள் அவை இறந்துபோயின. வினோதம் என்னவென்றால், கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இவற்றை வித்தை காட்டப் பழக்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டதும் அதே 1998தான். கருங்கடல் தேசத்திலிருந்து வந்த ஜந்து அந்தப் பட்டியலில் இல்லை.

அந்த ஆறு மாதத்தில் அவற்றைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். எட்டு வயது. பாண்டியிலிருந்து விடியற்காலையில் வேனில் கிளம்பி, புளிச்சாதத்தோடு போன ஒரு நாள். நீர் மேலே எழும்பியதும், விசில் சத்தமும், வாளியிலிருந்து மீன் வந்து விழுந்ததும் ஞாபகம் இருக்கிறது. அது நல்ல நாள். இப்போது எனக்கிருக்கிற அபிப்பிராயங்களைக் கொண்டு அந்த நாளைப் பின்னோக்கிக் கெடுக்க நான் தயாராக இல்லை. என் சந்தோஷம் நிஜமானது. என் சந்தோஷத்துக்கு ஆதாரமாக நான் எடுத்துக்கொண்ட அதன் சந்தோஷம்தான் இல்லாத ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கல்லூரியில் ரஸ்கின் படிக்கும்போது, இயற்கையின் மேல் மனித உணர்ச்சியை ஏற்றிச் சொல்வதைக் கவிஞனின் ஒரு பிழை என்று சொல்லிக் கொடுத்தார்கள். நமக்கு இது ஒட்டாது. நம் கவிதையியலில் மிருகமும் பறவையும் கருப்பொருள். தலைவி சொல்ல முடியாததை அவை சொல்லும். பாலைக்கலியில் ஆண்மான் தன் நிழலைப் பெண்மானுக்குத் தருகிறது. அது விலங்கியல் உண்மையா என்று யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. ஆனால் அந்தக் கவிஞன் மானைப் பிடித்துக் கட்டி, ஜனங்களை உட்காரவைத்து, தினம் மூன்று காட்சி நிழல் கொடுக்கச் சொல்லவில்லை. கற்பனையாக இருக்கும்வரை ஏற்றிச் சொல்வது கவிதை. ஒரு நிஜமான உடலைக் கொண்டு அந்தக் கற்பனையை நடித்துக் காட்டச் சொல்லும்போது அது வேறு ஸ்திதி. நம் வெகுஜன சினிமாவுக்கு இந்த வேறுபாடு என்றைக்கும் பிடிபட்டதில்லை. தேவர் ஃபிலிம்ஸின் 'நல்ல நேரம்' (1972) யானைகள் கதாநாயகனிடம் காட்டுகிற விசுவாசத்தைப் பார்த்துக் கண்ணீர்விட்ட தமிழ்நாடு, அந்த விசுவாசத்தைக் காமிரா வளையத்துக்கு வெளியே நின்று அங்குசத்தோடு எழுதியவன் ஒருவன் இருந்தான் என்று நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2013 மே மாதம் மத்திய அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. டால்பின் காட்சிசாலைகளுக்கு மாநிலங்கள் அனுமதி தரக் கூடாது. இவை மிகுந்த புத்தியும் நுட்ப உணர்வும் கொண்டவை, மனிதரல்லாத 'நபர்'களாகவே இவற்றைக் கருத வேண்டும் என்று விஞ்ஞானிகள் சொல்வதாகக் காரணமும் தந்திருந்தது. ஓர் அரசாங்கத் தாளில் 'நபர்' என்ற சொல் ஒரு கடல்ஜந்துவைக் குறித்து வருவது சாமானியமல்ல. முடிவு சரி. காரணம் எனக்கு உறுத்துகிறது.

நான் வங்கியில் வேலை பார்க்கிறவன். கடன் கேட்டு வருகிறவனிடம் முதலில் சொத்து என்ன என்று கேட்கச் சொல்லிப் பழக்கப்பட்டவன். இருக்கிறவனுக்குத்தான் கொடுப்போம். புத்தி இருக்கிறது என்று நிரூபித்தால் உரிமை தருகிறேன் என்பதும் இதே மேஜையின் தர்க்கம்தான். 2001இல் டால்பின் கண்ணாடியில் தன்னைத் தானென்று அடையாளம் கண்டுகொண்டது என்றார்கள். 2006இல் ஆசிய யானை ஒன்றும் தேர்வு பெற்றது. பரீட்சை வைக்கிறவர்கள் நாம், கண்ணாடி நம்முடையது. தேறாதவற்றின் கதி? ஒரு ஜந்துவை அடைத்து வைக்கக் கூடாது என்பதற்கு அது நம்மைப் போலிருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை என்றால், நாம் அதைப் பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம். சிரிக்கிற முகத்தைப் பார்த்து டிக்கெட் வாங்கியதற்கும் கண்ணாடிப் பரீட்சையைப் பார்த்துச் சுற்றறிக்கை போட்டதற்கும் அடியில் ஓடுவது ஒரே மனோபாவம்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரமும் சங்கராவும் வாங்கித் தின்கிற ஊர்க்காரன் நீ. கொன்று தின்பதைவிட மீன் போட்டு வளர்த்துக் குதிக்கவைப்பது கொடுமையா? எளிதில் தள்ளக்கூடிய கேள்வி அல்ல. கொலைதான் பெரிய தீங்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தின்கிறவன் மீனிடம் கேட்பது அதன் உடலை மட்டும். 'உனக்கு இது சம்மதம்தானே' என்று கேட்பதில்லை. காட்சிக்குப் போகிறவன் கேட்பது இன்னொன்று. அந்த ஜந்து அங்கே இருப்பதில் அதற்கே மகிழ்ச்சி என்று அது தன் வாயால், அந்த வளைந்த எலும்பால், சாட்சி சொல்ல வேண்டும். உடலை எடுத்துக்கொள்வது ஒரு வன்முறை. அடைபட்டவனிடம் அடைப்புக்கு ஆதரவாகச் சாட்சியம் வாங்குவது வேறொரு வன்முறை. சின்னது பெரியது என்று அளந்து பார்ப்பதைவிட, இரண்டாவதில் ஒரு பொய் கூடுதலாக இருக்கிறது என்று மட்டும் சொல்வேன். எதேச்சாதிகாரம் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் இந்தச் சாட்சியம் கேட்கப்பட்டிருக்கிறது.

வீராம்பட்டினத்துக்காரர் ஒருவர் எஞ்சின் கடன் விஷயமாக என் கவுண்டருக்கு வருவார். ஒரு தடவை ஓங்கிலைப் பற்றி விசாரித்தேன். "வந்தா வரும் சார், கூட்டமா. வலையில மாட்டிக்கிட்டா வலையை அறுத்து விட்டுட்டு வருவோம், நஷ்டந்தான்" என்றார். அழகாக இருக்குமா என்று கேட்டேன். "அது பாட்டுக்குப் போகும் சார். நம்மள அது பாக்காது." கடலில் அது நம்மைப் பார்ப்பதில்லை. பார்க்கும்படி செய்வதற்குத்தான் இத்தனை சிமென்ட். அந்த ஜந்து சத்தத்தால் பார்க்கிறது. குரலை அனுப்பி, அது எதில் பட்டுத் திரும்புகிறதோ அதைக் கொண்டு தூரத்தை அறிகிறது. கடலில் அந்தக் குரலுக்குப் போக இடம் இருக்கிறது. தொட்டியில் எந்தத் திக்கில் அனுப்பினாலும் உடனே வருவது சுவர்.

'ஃப்ளிப்பர்' தொலைக்காட்சித் தொடருக்கு டால்பின்களைப் பழக்கிய ரிக் ஓபெரி, அவற்றில் ஒன்றான கேத்தி 1970இல் தன் கையிலேயே இறந்ததும் எதிரணிக்கு வந்துவிட்டார். டால்பினுக்கு மூச்சு தானாக நடப்பதில்லை, ஒவ்வொரு மூச்சும் பிரக்ஞையோடு எடுப்பது. கேத்தி அடுத்த மூச்சை எடுக்க மறுத்தது, அது தற்கொலை என்பது அவர் நம்பிக்கை. சிரிப்பு என்று படித்தது தப்பென்றால் தற்கொலை என்று படிப்பது மட்டும் சரியா? தர்க்கப்படி இரண்டும் ஏற்றிச் சொல்வதே. ஆனால் கோர்ட்டிலும் வங்கியிலும் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் தனக்குப் பாதகமாகச் சொல்வதற்கு, சாதகமாகச் சொல்வதைவிட எடை அதிகம். சிரிப்பு என்று படித்தவனுக்கு அதில் வசூல். தற்கொலை என்று படித்தவனுக்கு அதில் பிழைப்பு போயிற்று. இரண்டாவது வாசிப்பு உண்மை என்று நான் சாதிக்கவில்லை, அது நேர்மையானது.

வாசிக்காமலே இருக்கவும் முடியும். 2016 ஜனவரியில் மணப்பாடு, கல்லாமொழிப் பக்கம் எண்பது போலத் திமிங்கிலங்கள் கரையேறின. மீனவர்கள் பிடித்துக் கடலுக்குள் தள்ளினார்கள். அவை திரும்பி வந்தன. மறுபடி தள்ளினார்கள். ஏன் வருகின்றன என்பது பற்றி அவர்களுக்கு ஒரு தத்துவமும் தேவைப்படவில்லை.

எங்கள் ஊருக்கு வருகிறேன். இங்கே டால்பின் இல்லை, லட்சுமி இருந்தாள். மணக்குள விநாயகர் கோயில் வாசலில் வெள்ளிக் கொலுசோடு நின்று, காசை வாங்கித் தலையில் தும்பிக்கை வைத்தவள். 2022 நவம்பர் 30 காலை நடைக்குப் போனபோது தெருவில் சரிந்து இறந்தாள். ஊர் அழுதது. அந்த அழுகையைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை, அதில் பாவனை இல்லை. ஆனால் பல்கேரிய டால்பினுக்காக வாதாடக்கூடிய என் நண்பர்கள் சிலர் லட்சுமி விஷயத்தில் பேச்சை மாற்றுகிறார்கள். டால்பினிடம் நாம் கேட்டது சிரிப்பு, யானையிடம் கேட்டது ஆசீர்வாதம். இரண்டாவதைப் பொய் என்று சொன்னால் நம் தலையில் பட்ட ஏதோ ஒன்றையும் சேர்த்து இழக்கவேண்டி வரும். அந்தத் தயக்கம் எனக்கும் உண்டு. அது பக்தியா, பழக்கமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. டிக்கெட் வாங்கிப் பார்த்ததை விடுவது சுலபம். கும்பிட்டதை விடுவது அப்படியல்ல.

எங்கள் கிளையில் வருஷம் ஒரு முறை வாடிக்கையாளர் சேவைப் பயிற்சி நடக்கும். சிரித்துக்கொண்டே வரவேற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். சம்பளத்துக்காகச் சிரிக்கிற எனக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு சிநேகிதர் கிண்டலாகக் கேட்டார். வித்தியாசம் சாயங்காலம்தான். ஷட்டரை இறக்கிய பிறகு என் முகம் என்னுடையது.

முகத்தை மாற்றிக்கொள்ள முடியாதவற்றில் ஒன்று வேறு வழியில் பேசியது. 1983இல் ஐஸ்லாந்துக் கடலில் பிடிக்கப்பட்ட திலிக்கும் என்ற ஓர்க்கா, 2010 பிப்ரவரியில் ஓர்லாண்டோவில் தன் பயிற்சியாளரைக் கொன்றது. 2013இல் வந்த 'பிளாக்ஃபிஷ்' படத்துக்குப் பிறகு கூட்டம் குறைய, 2016 மார்ச்சில் ஸீவேர்ல்ட் ஓர்க்கா இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. எழுபத்தைந்து வருஷம் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் காதில் ஏறுவதற்கு ஒரு மரணம் தேவைப்பட்டது. அதுவும் மனித மரணம்.

என் ஒன்றுவிட்ட அண்ணன் பிரான்ஸில் இருக்கிறார். அவர் அப்பா சொல்தா. குழந்தைகளை ஆந்திப் நகரத்து மரீன்லாந்துக்குக் கூட்டிப்போன படங்களை முன்பெல்லாம் அனுப்புவார். 2021 நவம்பர் 30ஆம் தேதியிட்ட பிரெஞ்சுச் சட்டம், 2026 டிசம்பர் முதல் இந்தக் காட்சிகளுக்குத் தடை விதித்தது. 1970இல் தொடங்கிய மரீன்லாந்து அதற்கு முன்பே, 2025 ஜனவரி 5ஆம் தேதி, கதவைச் சாத்திவிட்டது. பார்வையாளர் போய்விட்டார்கள். விக்கி, கெய்ஜோ என்ற இரண்டு ஓர்க்காக்களையும் டால்பின்களையும் எங்கே அனுப்புவது என்று மாதக்கணக்கில் வழக்கும் விவாதமும் நடந்தன. அந்த ஓர்க்காக்கள் தாயும் மகனும். இரண்டும் பிறந்ததே அந்தத் தொட்டியில். கடலில் விடலாமே என்று அண்ணனிடம் கேட்டேன். "எந்தக் கடல்டா? அதுக்குத் தெரிஞ்சது அந்தத் தண்ணிதான்" என்றார்.