மலிவாகக் கிடைத்த வீடு

எம்மோடு கற்பிக்கும் நண்பரொருவர் 2023ஆம் ஆண்டிலே வங்கி ஏலமொன்றில் ஒரு வீட்டை வாங்கினார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வாடகை வீடுகளிற் குடும்பம் நடத்தியவர் அவர். தமது சேமிப்போடு வெளிநாட்டிலிருந்து தமையனார் அனுப்பிய பணத்தையும் சேர்த்து, ஊர் விலையிலும் மிகக் குறைந்த தொகைக்கு அதனைப் பெற்றார். பூட்டிக் கிடந்த வீடு. கூரை ஒழுகியது, கிணற்றுக்கட்டு வெடித்திருந்தது. பாடசாலை விடுமுறை முழுவதும் மேசன்மாரோடு தாமும் நின்று அதனைத் திருத்தினார். குடிபுகுந்த அன்று ஆசிரியர் பலர் சென்றோம், சிலர் வரவில்லை. வராதோர் கூறிய காரணம் ஒன்றே: “இன்னொருத்தரின் கண்ணீரிலே குடிபுகுவதோ?”

அவ்வீட்டின் முந்திய உரிமையாளர் எமது ஊரிலே சிறியதோர் அச்சகம் நடத்தியவர். அவருடைய மகள் எமது வகுப்பு மாணவி. தவணையின் நடுவே அவள் விடுகைப் பத்திரம் பெற்றுச் சென்றாள். வரவு இடாப்பில் அவள் பெயரின் மேற் சிவப்புக் கோடு இழுத்தவர் நாமே.

ஆசிரியர் அறையிற் பல நாள் நிகழ்ந்த வாதம் இங்ஙனம் தோன்றியது. கடனிலே பறிபோன வீட்டை வாங்குவது அறமாகுமா? ஒரு சாரார் சட்டத்தைக் காட்டினர்: வங்கி விற்றது, நண்பர் வாங்கினார், உறுதியிலே குறையேதுமில்லை. மறுசாரார் பாவத்தைக் காட்டினர். இவ்விரு விடைகளும் எமக்கு நிறைவளிக்கவில்லை. வள்ளுவர் கள்ளாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தார்; அது வஞ்சித்துக் கொள்வதைப் பற்றியது. ஏலமோ ஊரறிய, வர்த்தமானி அறிய நிகழ்வது. ஆகவே வாங்கியவரைக் கள்வர் என்றல் பொருந்தாது. ஆனால் கள்வரல்லர் என்பதனாலேயே அவருக்கு இதிற் பங்கில்லை என்றும் ஆகிவிடாது. அப்பங்கு யாது என்பதே கேள்வி.

இதற்கு விடை காண, வீடு எவ்வாறு பறிபோகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். எமது நாட்டில் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், ஈடு வைக்கப்பட்ட ஆதனத்தை நீதிமன்றம் செல்லாமலே ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்கு அளித்தது. மக்கள் அதனைப் பராட்டே சட்டம் என்பர். வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் நிறைவேற்றினாற் போதும். அது வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் வெளியாகும். பின்னர் ஏலம் நடைபெறும். ஐம்பது இலட்சம் ரூபாவிற் குறைந்த கடன்களுக்கு இவ்வதிகாரம் பொருந்தாதென 2011ஆம் ஆண்டின் திருத்தம் விதித்தது. சிறு கடனாளியைக் காக்க எழுந்த ஏற்பாடு அது. ஆனால் பணத்தின் பெறுமதி வீழ வீழ, சிறிய அச்சகமொன்றின் கடனும் அவ்வெல்லையைத் தாண்டிவிட்டது.

எமது அச்சகத்தார் இயந்திரமொன்று வாங்குவதற்காக வீட்டை ஈடு வைத்தார். தவணைப் பணத்தை ஒழுங்காகவே செலுத்தி வந்தார். 2022 வந்தது. நாட்டிலே அந்நியச் செலாவணி இல்லை, கடதாசி இல்லை. மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் கடதாசித் தட்டுப்பாட்டினாற் பிற்போடப்பட்டதை ஆசிரியர் எவரும் மறந்திரார். அவ்வாண்டு ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டியிற் கடன் பெற்றவரின் தவணைத் தொகை அவர் கையொப்பமிட்டபோது கண்டிராத அளவுக்கு ஏறியது. அச்சடிக்கக் கடதாசி இல்லை. அடித்துக் கொடுத்ததற்குப் பணமும் வரவில்லை. நாட்டின் கருவூலத்தை வெறுமையாக்கிய முடிவு எதையும் எடுத்தவரல்லர் அவர். அம்முடிவுகளின் விலையைத் தம் வீட்டினாற் கொடுத்தார்.

இனி ஏலக்களத்துக்கு வருவோம். எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு நூறு இலட்சம் ரூபா கடன் எனக் கொள்வோம். வீடு நூற்றிருபது இலட்சத்துக்கு விலைபோனால், கடனும் செலவும் போக எஞ்சியது அவருக்கே உரியது. எழுபது இலட்சத்துக்கே விலைபோனால், குறைந்த முப்பது இலட்சம் அவர் தலையிலேயே நிற்கும். அதற்காக வங்கி அவர்மீது வழக்குத் தொடரலாம். வீடும் போய், கடனும் மிஞ்சும். ஏலத்தில் வாங்கியவர் மகிழ்ந்து கூறும் ‘மலிவு’ வானத்திலிருந்து விழுந்ததன்று. இழந்தவரின் கணக்கிலிருந்து வாங்கியவரின் கணக்குக்கு மாறிய தொகை அது. நண்பரின் பங்கு இங்கேயே தொடங்குகிறது. வீடு விற்பனைக்கு வந்தமைக்கு அவர் பொறுப்பல்லர். எவ்விலைக்குப் போயிற்று என்பதில் அவர் குரலும் உண்டு.

எமது குரல் தூயதென்று சொல்லவும் இயலாது. ஏலத்துக்கு முன் நண்பர் எம்மிடம் யோசனை கேட்டார். “எவ்வளவுக்குப் போகும்?” என்பதே நாம் வினவிய முதல் வினா. அவ்வீட்டிலே யார் இருக்கிறார்கள், எங்கே போவார்கள் என்று வினவவில்லை. எம்மிடம் பணமிருந்திருந்தால் நாமும் கேட்டிருப்போம். பணமில்லாமையை அறமென்று மாற்றிச் சொல்லுதல் எமது நடுத்தர வர்க்கத்துக்குப் பழகிய வித்தை.

அவ்வாறாயின் ஏலம் கேளாது ஒதுங்குவதே வழியா? நண்பர் ஒதுங்கியிருந்தால் வீடு அச்சகத்தாரிடம் திரும்பியிராது. பல வீடுகளை வாங்கி, பூச்சுப் பூசி, இலாபத்துக்கு விற்கும் வியாபாரி ஒருவர் இன்னும் மலிவாக வாங்கியிருப்பார். அல்லது வங்கியே வாங்கி வைத்திருக்கும். தனியொருவரின் விலகல் அவர் மனத்தைக் காக்கும். அச்சகத்தாரின் வீட்டைக் காக்காது. கூடி விலகுதலின் கதை வேறு. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நெபிராஸ்கா, அயோவா முதலிய மாநிலங்களில் விளைபொருள் விலை வீழ்ந்து, கடன் செலுத்த இயலாத உழவரின் உடைமைகள் ஏலத்துக்கு வந்தன. அயலவர் கூட்டமாய்ச் சென்றனர். பசுவுக்கும் கலப்பைக்கும் சில சதங்களுக்கு மேல் எவரும் கேட்கவில்லை. வாங்கியவற்றை உரியவரிடமே திருப்பிக் கொடுத்தனர். விலையேற்ற வந்த வெளியார் மிரட்டப்பட்டதும் உண்டு. அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1933இல் மினசோட்டா மாநிலம், ஈட்டில் இழந்ததை மீட்பதற்கான காலத்தை நீடித்துச் சட்டமியற்றியது. 1934இல் அந்நாட்டின் உயர் நீதிமன்றமும் அதனை ஏற்றது. அந்த ஏலங்களிலும் விலை மலிவே. ஆயினும் அம்மலிவு இழந்தவரின் கையைச் சென்றடைந்தது.

வீட்டைத் திருத்தும்போது பின்னறை அலுமாரியில் நண்பர் ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் பட்டியற் கட்டொன்றையும் கண்டெடுத்தார். நிலுவைப் பட்டியல்கள் அவை. அவற்றுள் இரண்டு எமது பாடசாலையின் பெயரில் இருந்தன. பரீட்சைத் தாள்கள் அச்சிட்ட கூலி. இரண்டு ஆண்டுகளாகச் செலுத்தப்படவில்லை. வங்கிக்குக் கடன்பட்டவர் வீட்டை இழந்தார். அவருக்குக் கடன்பட்ட நாம் ஒரு கதிரையைக்கூட இழக்கவில்லை. எமது பெயர் எந்த வர்த்தமானியிலும் வரவில்லை. குடிபுகும் விழாவுக்கு வராது பாவம் பேசியவர்களும் அத்தாள்களிலேயே பரீட்சை நடத்தியவர்கள்.

அதிபரிடம் வற்புறுத்தி அத்தொகையைப் பெற்று, நண்பரும் நாமும் அயலூரிலே அவர் வாடகைக்கிருந்த இரண்டறை வீட்டுக்குச் சென்றோம். அவர் பணத்தை எண்ணி வாங்கி, நாம் கொண்டுசென்ற அதே புத்தகத்திற் பற்றுச்சீட்டு எழுதித் தந்தார். பின்னர் நண்பரைப் பார்த்து, “கூரை மாத்தினீங்களோ மாஸ்ரர்? மேற்குப் பக்கம்தான் ஒழுகும், அதைக் கவனியுங்கோ” என்றார். நண்பர் தலைகுனிந்திருந்தார். திரும்பும் வழியில் நாம் இருவரும் பேசவில்லை.

பாழாகும் வீட்டைத் திருத்துவது நல்ல உழைப்பு. அதிற் குடியிருப்பதும் குற்றமன்று. ஆனால் வாங்குபவர் மூன்றை அறிந்திருத்தல் வேண்டும்: யார் வெளியேறினார், எவ்வளவு கடன் அவர்மீது மிஞ்சியது, வீட்டில் விடப்பட்ட பொருள் யாருடையது. இவற்றை அறிந்தவர் தமது மலிவைப் பெருமையாகப் பேசமாட்டார்.

எஞ்சியது சட்டத்தின் பாடு. 2024இல் பராட்டே அதிகாரம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது; அந்நிறுத்தம் 2025 மார்ச் 31 வரை நீடிக்கப்பட்டது. அவகாசம் கடனைக் கரைக்காது. குடியிருக்கும் ஒரே வீட்டை விற்குமுன் நீதிமன்ற விசாரணை வேண்டும். சுயாதீன மதிப்பீட்டிற் குறைந்த விலைக்கு அது போகலாகாது. வீடு போனபின் எஞ்சிய கடன் தொடரலாகாது. இவை நடவாதவை என்பார்க்கு ஒன்று கூறுவோம்: வீட்டுடைமைக்கு உச்சவரம்பு விதித்து, வாடகைக்கிருந்தோர் தாம் வாழ்ந்த வீட்டையே வாங்க வழிசெய்த 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டிலேயே இயற்றப்பட்டது. அப்போது வீடமைப்பு அமைச்சராயிருந்தவர் பொதுவுடைமைவாதியான பீற்றர் கெனமன். உடைமையிலும் குடியிருப்பு மேலானது என்று ஒருமுறை சட்டம் பேசிற்று. மறுமுறையும் பேச இயலும்.

அதுவரை ஆசிரியராகிய நாம் செய்யத்தக்கது சிறிது. இடாப்பிலே சிவப்புக் கோடு இழுக்குமுன், அப்பிள்ளை ஏன் போகிறாள் என்று கேட்போம். பாவம் பேசுமுன், எமது மேசை இழுப்பறையிற் கிடக்கும் பட்டியல்களையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்போம்.