வெட்டி ஒட்டிய சாட்சியம்

சிறையில் இருப்பவருக்காகப் பரிந்து ஆவணப்படம் எடுப்பதில் தவறில்லை. அவருக்கு எதிரான சான்றுகளை மறைத்துவிட்டு, பார்ப்பவர்களை நீதிபதிகளாக்குவது அறமாகாது. 2015 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட 'மேக்கிங் எ மர்டரர்' அதைத்தான் செய்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீவன் ஏவரி, செய்யாத பாலியல் குற்றத்துக்காக 18 ஆண்டுகள் சிறையில் வாடி, மரபணுச் சோதனையால் 2003-இல் வெளியே வந்தவர். 2005-இல் 25 வயதுப் புகைப்படக் கலைஞர் ஒருவரைக் கொன்றதாகக் கைதாகி, 2007-இல் ஆயுள் தண்டனை பெற்றார். போலீசார் வழக்கை ஜோடித்தார்கள் என்ற சந்தேகத்தைத் தொடர் பத்துப் பகுதிகளில் ஊட்டி வளர்த்தது. அவருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு மனுப் போட்டார்கள்.

அவர்கள் பார்க்காதது என்ன? இறந்த பெண்ணின் கார் பானெட் கொக்கியில் ஏவரியின் மரபணு கிடைத்ததாக அரசுத் தரப்பு காட்டியது. தொடரில் அது இல்லை. கொலை நாளன்று தன் எண்ணை மறைத்துக்கொண்டு அவர் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்ததும் இல்லை. போலீஸ் அதிகாரி ஒருவரின் குறுக்கு விசாரணையோ வெட்டி ஒட்டப்பட்டது. அந்தக் காரை முன்பே நேரில் பார்த்துவிட்டுத்தான் அவர் அதன் எண்ணைத் தொலைபேசியில் சரிபார்த்தார் என்று பிறர் எண்ண இடமுண்டா என்ற கேள்வியை நீதிபதி அனுமதிக்கவில்லை. தொடரில் அதற்கு அவர் 'ஆம்' என்கிறார். அந்த 'ஆம்' வேறொரு கேள்விக்குச் சொன்னது. அந்த அதிகாரி தொடுத்த அவதூறு வழக்கு 2023-இல் தள்ளுபடியானது உண்மை. ஆனால் சட்டம் விட்டுவிட்டதை அறமும் விட்டுவிட வேண்டியதில்லை. வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் தனி அதிகாரமே வகுத்து, சான்றோரைத் துலாக்கோலுக்கு ஒப்பிட்டார். பொற்கொல்லன் பேச்சை மட்டும் கேட்ட பாண்டியனின் கதியைச் சிலம்பு சொல்கிறது. கன்றை இழந்த பசுவின் மணியோசைக்கும் செவிசாய்த்தான் மனுநீதிச் சோழன். இத்தொடரிலோ மகளை இழந்த குடும்பத்தின் துயரம் ஓரத்தில் நிற்கிறது. தங்கள் இழப்பை வைத்துப் பொழுதுபோக்கும் லாபமும் தேடுகிறார்களே என்று அக்குடும்பத்தினர் வருந்தினார்கள். 'நியூயார்க்கர்' இதழில் கேத்ரின் ஷுல்ஸ் 2016 ஜனவரியிலேயே இந்த ஒருபக்கச் சாய்வைக் கண்டித்தார். அதே ஆண்டு தொடருக்கு நான்கு எம்மி விருதுகள் கிடைத்தன.

அரசுக்கு ஆயிரம் வாய் உண்டு, கைதிக்குப் படம் ஒன்றுதான் என்பார்கள். அதில் நியாயம் உண்டு. எரால் மாரிஸின் 'தி தின் புளூ லைன்' (1988) டெக்சாஸ் சிறையிலிருந்த ரேண்டல் ஆடம்ஸின் விடுதலைக்கு வழிவகுத்தது. ஆனால் மாரிஸ், ஆடம்ஸுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களையே கேமரா முன் பேசவைத்தார். இந்தத் தொடரிலும் அதே கொலை வழக்கில் ஏவரியின் சகோதரி மகனை, 16 வயதுச் சிறுவனை, வழக்கறிஞரோ பெற்றோரோ உடனில்லாமல் போலீசார் துருவித் துருவி விசாரிக்கும் வீடியோ இருக்கிறது. அவர்கள் எடுத்துக் கொடுக்க, அவன் ஊகித்து ஊகித்துப் பதில் சொல்கிறான். பார்ப்பவர் நெஞ்சை உலுக்க அந்தப் பதிவே போதும். அது கையில் இருக்கும்போது, பானெட் கொக்கியை மறைக்க என்ன அவசியம் வந்தது?