யாருக்கு வேணும்?

"கேம் விளையாடுறவனுக்குத் தர்மத்தைப் பத்தி எழுத என்ன இருக்கு?" என்று அம்மாவே கேட்டார். இருக்கிறது. நான் செய்த ஒரு காரியத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பல்கலைக்கழக விடுதியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இரவில் டியாப்லோ 2 விளையாடுவோம். 2000-ஆம் ஆண்டு வந்த கேம். 2021-இல் புதுப்பித்து மறுபடியும் வெளியிட்டார்கள். என் ரூம்மேட் பலாடின். முன்னால் நின்று அடி வாங்குவான். அவனுடைய 'ஓரா' எங்கள் எல்லாருக்கும் பலம் கொடுக்கும். நான் சோர்சரஸ். தூரத்தில் நின்று நெருப்பும் மின்னலும் வீசுவேன். யாராவது கிட்டே வந்து நாலு அடி போட்டால் என் கதை முடிந்தது. அவன் இல்லாமல் நான் இல்லை. சண்டையை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

ஆனால் அரக்கன் செத்துப் பொருள் கீழே விழுந்ததும் எல்லாம் மாறிவிடும். அந்த கேமில் விழுகிற பொருள் எல்லாருக்கும் பொது. யார் முதலில் கிளிக் செய்கிறார்களோ அவர்களுக்கே சொந்தம். இவ்வளவு நேரம் கூட்டாளி, இப்போது போட்டியாளன்.

ஒரு நாள் 'பெர்' ரூன் விழுந்தது. மொத்தம் 33 ரூன்களில் அது 30-வது. லேசில் கிடைக்காது. 'எனிக்மா' கவசம் செய்வதற்காக ரூம்மேட் அதைத் தேடிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாகவே தெரியும். அவன் மிச்சமிருந்த அரக்கர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நான் டெலிபோர்ட் ஆகிப் பக்கத்தில் போய், ஒரே கிளிக்கில் எடுத்துவிட்டேன்.

"யார்டா எடுத்தது?"

"நான்தான்."

"ம்... பரவால்லடா."

அவ்வளவுதான். கேமின் விதிப்படி நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து, விளையாடக் கூப்பிட்டால் அவனுக்கு எப்போதும் ஓர் அசைன்மென்ட் இருந்தது.

விதி அனுமதித்துவிட்டால் அது நியாயமாகிவிடுமா?

"சும்மா கேம்தானே" என்று நீங்கள் சொல்லலாம். ரூன் நிஜமில்லை, சரி. அவன் எங்களுக்காகச் செலவழித்த இரவுகள் நிஜம். இன்னொன்றும் பிறகுதான் எனக்கு உறைத்தது. டியாப்லோ 2-இல் ஆட்கள் கூடக் கூட அரக்கர்களின் உயிர்பலம் கூடும். அதோடு, அரக்கன் எதுவுமே போடாமல் சாகிற வாய்ப்பும் குறையும். அதாவது, நாலு பேர் இருந்ததால்தான் பொருள் விழும் வாய்ப்பே கூடியது. எடுத்தது ஒரு விரல். விழ வைத்தது நாலு பேர்.

கேம் செய்பவர்களுக்கும் இந்தப் பிரச்சினை தெரியும். 2004-இல் வந்த வோர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் நல்ல பொருள் விழுந்தால் 'நீட்', 'கிரீட்' என்று பட்டன்கள் வரும். தேவையா, ஆசையா என்று நாமே சொல்ல வேண்டும். தேவை என்றவர்களுக்கே முன்னுரிமை. தேவையே இல்லாமல் 'நீட்' அழுத்தி அள்ளிக்கொண்டு போகிறவனை 'நிஞ்சா' என்று திட்டுவார்கள். 2012-இல் வந்த டியாப்லோ 3 இன்னும் ஒரு படி மேலே போனது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பொருள் விழும். அடுத்தவனுக்கு விழுந்தது என் கண்ணுக்கே தெரியாது.

பொறியியல் மாணவனாக எனக்கு இது பிடிக்கும். மைக்ரோவேவ் கதவைத் திறந்தால் அது தானே நின்றுவிடுகிறது அல்லவா? மனிதன் ஜாக்கிரதையாக இருப்பான் என்று நம்பாதே, தப்பு நடக்கவே முடியாதபடி செய் என்பது எங்கள் பாடம். ஆனால் மைக்ரோவேவ் நின்றதால் நான் ஜாக்கிரதையான ஆள் ஆகிவிடவில்லையே!

நம் முகாம்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவர் இலைக்கு ஒரு வடை வைத்துக்கொண்டே போனால் எல்லாரும் நல்லவர்கள். தட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போனால், வரிசையில் கடைசியில் நிற்கிற தம்பிக்குத்தான் நாம் யார் என்று தெரியும்.

கள்ளாமைக்கு ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர், பிறர் பொருள்மேல் ஆசைப்படாமல் இருப்பதற்கு, வெஃகாமை என்று தனி அதிகாரமே வைத்தார். டியாப்லோ 3 என் கையைக் கட்டியது. மனத்தைக் கட்ட எந்த புரோகிராமராலும் முடியாது.

இதை நானே கண்டேன். டியாப்லோ 3-இல் 2014-இல் ஒரு மாற்றம் கொண்டுவந்தார்கள். அரிய பொருள் கிடைத்தால், அப்போது கூடவே விளையாடியவர்களுக்கு 2 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். அதற்குப் பிறகு யாருக்கும் கொடுக்க முடியாது. பறிக்க வழியில்லை, கொடுக்க மட்டும் ஒரு சின்னக் கதவு. நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்கு உதவாத பொருளைக்கூட யாரிடமும் கேட்காமல், அதில் கிடைக்கும் துண்டுகளுக்காகக் கொல்லனிடம் உடைத்துவிட்டேன். அது திருட்டில்லை. ஆனால் 'பெர்' ரூனை எடுத்த அதே ஆள்தான் இதையும் செய்தான்.

போன மாதம் மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கும்போது ரூம்மேட்டிடம், "அன்னிக்கு நான் எடுத்தது தப்புடா, சாரி" என்றேன். எதை என்று நான் சொல்லவில்லை.

"பெர் ரூனா? அதெல்லாம் அப்பவே மறந்துட்டேன்லா" என்றான்.

இப்போது மறுபடியும் நாலு பேரும் டியாப்லோ 2 விளையாடுகிறோம். விதி மாறவில்லை, முதலில் கிளிக் செய்தவனுக்கே சொந்தம். நாங்கள் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொண்டோம். பொருள் விழுந்ததும் யாராவது ஒருவன், "யாருக்கு வேணும்?" என்று கேட்பான். அதுவரை எந்த விரலும் அசையாது. சில நேரம் என் விரல் துடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். திறந்து வைத்த தட்டின் முன்னால் நிற்கும்போதுதான் நம்மை நாமே பார்க்க முடிகிறது, நண்பர்களே. அடுத்த முறை உங்கள் முன்னால் ஏதாவது விழுந்தால், எடுப்பதற்கு முன் அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டுப் பாருங்கள்.